இரண்டாம் வரிக்குப் போன வருஷம்

என் மச்சினன் தலையில் இப்போதுதான் முடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது. அறுத்த வயலில் தாள் குத்திட்டு நிற்குமே, அந்த மாதிரி. அதுவும் வெள்ளை வெளேரென்று. போன மாதம் வரைக்கும் கருப்புச் சாயம் அடித்து, பக்கவாட்டில் வகிடு எடுத்து, சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டு திரிந்த ஆள். அந்தத் தலையைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தானாகவே என் மீசைக்குப் போய்விடுகிறது. நான் ஒரு புத்தகம் படித்தேன். அதனால் வந்த மொட்டை அது.

எப்படி என்று சொல்கிறேன். நான் நேராக வருகிற ஆள் இல்லை, கொஞ்சம் சுற்றிச் சுற்றித்தான் வருவேன். நான் சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தங்கச்சி எழுதிக்கொண்டு வருகிறது. நான் சொன்னபடியே எழுத வேண்டும் என்று பேச்சு. ஆனாலும் அங்கங்கே அது திருத்துகிறது என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். முதலில் மதுரை ஊருக்குள் இருந்த மார்க்கெட்டில், கடைசிக் காலத்தில் ஊருக்கு வெளியே பரவை மார்க்கெட்டில். மூட்டை மேலே மையில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். இந்த மாதிரி எழுத்து இருந்தால் ஒட்டன்சத்திரம், தக்காளி, தெற்கு வரிசைக்குப் போகணும். இந்த மாதிரி இருந்தால் கம்பம், வாழைக்காய், வடக்கே இறக்கணும். இப்படியே எழுத்து ஒவ்வொன்றாகப் பழகியது. அப்புறம் பஸ் போர்டு. அழகர்கோவில் என்று போட்டிருந்தால் எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று ஊகம் பண்ணுவேன். பசுமலை பஸ்ஸில் தவறி ஏறியதும் உண்டு, அது கல்யாணமான புதுசில். அப்புறம் சினிமா போஸ்டர், கடைப் பலகை, சுவர் விளம்பரம். பேரனுக்கு மொட்டை போட்ட வருஷத்தில் நான் எந்தப் பலகையையும் வாசிப்பேன் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஆனால் ஒரு சங்கதி. நான் படித்ததெல்லாம் ஒரு வரிதான். மூட்டைக்கு ஒரு வரி, பஸ்ஸுக்கு ஒரு வரி. ஒரு வரி முடிந்து கீழே இறங்கி இரண்டாவது வரிக்குப் போகிற பழக்கமே எனக்கு வந்ததில்லை. பேப்பரை எடுத்தால் முதல் வரி நன்றாக ஓடும். வரி முடிந்து திரும்பி வரும்போது கண் எங்கேயாவது போய் விழும். படித்த வரியிலேயே மறுபடி விழும், இல்லாவிட்டால் நாலு வரி தள்ளி விழும். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீ குடிப்பேன். டீக்கடையில் எல்லோரும் நான் தலைப்புச் செய்தி மட்டும் படிக்கிற ஆள் என்று நினைத்தார்கள். மச்சினனுக்கு மட்டும் தெரியும்.

மச்சினன் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. அரசு ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தினம் இரண்டு பேப்பர் வாங்குகிறவன். கெட்டவன் இல்லை. எனக்கு ஒன்று என்றால் முதலில் வந்து நிற்கிறவன் அவன்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அந்த வாய்க்கு விடுமுறையே கிடையாது.

போன வருஷம் சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், மலையிலிருந்து வருகிற அவரை எதிர்கொண்டு கும்பிடுகிற எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போயிருந்தோம். நான், வீட்டுக்காரி, மச்சினன். கூட்டம் என்றால் கூட்டம். வீட்டுக்காரி கையில் சர்க்கரைச் செம்பு, மேலே வாழையிலை கட்டி, சூடம் வைத்து. தோல் பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பீச்சுகிறவர்கள் எங்களை நனைத்துவிட்டுப் போனார்கள். அழகர் இன்னும் வரவில்லை, வருகிறார் வருகிறார் என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்போது ஒருத்தர் வந்து கையில் ஒரு துண்டு நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போனார். ஏதோ அன்னதானம். நான் முதல் வரியை வாசித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"ஏன் மச்சான், எங்கன சாப்பாடு போடுறாங்கன்னு அடுத்த வரியில போட்டிருக்கானே, அத படிக்கலயா?" என்றான்.

"எனக்குப் பசிக்கல மாப்ள."

"பசியா? மச்சானுக்கு மொத வரி மட்டுந்தேன் கண்ணு தெரியும். ரெண்டாவது வரி வந்தா மாலக்கண்ணு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தெரியாத ஆட்கள். வீட்டுக்காரியும் சிரித்துவிட்டாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"ஒரு புஸ்தகமே படிப்பேன்டா நான்."

"படிச்சுட்டா நான் இந்தத் தலைய அழகர்கோயில்ல எறக்கிப்புடுறேன் மச்சான். அடுத்த சித்திரத் திருவிழாவுக்குள்ள. ஒரு புஸ்தகம், அட்டையில இருந்து அட்ட வரைக்கும். படிக்கலைன்னா உங்க மீசய எறக்கணும். என்ன, சம்மதமா?"

நான் சம்மதம் என்று சொல்லவும், "கோவிந்தா" என்று கூட்டம் ஒரே குரலில் எழவும் சரியாக இருந்தது. அழகர் வந்துவிட்டார். குதிரை இன்னும் ஏறவில்லை, பல்லக்கில்தான். வீட்டுக்காரி சூடத்தைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"சாமி வர்ற பாதையில நின்னு சொல்லிப்புட்டீக ரெண்டு பேரும். இது இனிமே பந்தயம் இல்ல. நேர்த்தி. மாத்துனா வீட்டுக்கு ஆகாது."

"யக்கா, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா" என்றான் மச்சினன். கை அதற்குள் வகிட்டுக்குப் போய்விட்டது.

"வெளையாட்டுக்குச் சொல்றவன் வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. மதுரைக்காரன் கோர்ட்டில் சொன்னதை மாற்றுவான், அழகர் எதிரே சொன்னதை மாற்ற மாட்டான்.

என் மீசையைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வயசில் வைத்தது. மார்க்கெட்டில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, மீசைக்காரர் என்றுதான் சொல்வார்கள். என் பிள்ளைகள் மீசை இல்லாமல் என்னைப் பார்த்ததில்லை. வீட்டுக்காரி பார்த்ததில்லை. எனக்கே அதன் கீழே என்ன இருக்கிறது என்று மறந்துவிட்டது. இனிமேல் இந்த வயசில் மழித்தால் மறுபடி அதே மாதிரி வருமா, வந்தாலும் அது வருகிற வரைக்கும் நான் இருப்பேனா, யாருக்குத் தெரியும்? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தக் கூட்டம் சிரித்த சிரிப்பு. வாழ்நாளெல்லாம் என் கையில் காகிதத்தைக் கொடுப்பார்கள், நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, "குடுங்க பெரியவரே, நான் படிச்சுச் சொல்றேன்" என்று வாங்கிக்கொள்வார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் வாங்கிக்கொள்வார்கள்.

வைகாசியில் எங்கள் தெருவை அடுத்த நூலகத்துக்குப் போனேன். நல்ல பையனாக ஒருவர் மேசையில் இருந்தார். மெலிசாக ஒரு புத்தகம் எடுத்து உட்கார்ந்தேன். படிக்க ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் வாய்விட்டுப் படிக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு படித்துப் பார்த்தேன். வாயை மூடினால் எழுத்து வெறும் கோடாகிவிடுகிறது. சத்தம் வந்தால்தான் அது சொல்லாகிறது. உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தேன், அது இன்னும் மோசம், பக்கத்தில் இருந்தவர் எனக்கு உடம்பு சரியில்லை என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மேசைக்காரர் மெதுவாக வந்து, "ஐயா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிங்களேன், நான் என் பேர்ல எழுதித் தாரேன்" என்றார். தங்கமான மனுஷன்.

வீட்டில் டிவி ஓடும். அதனால் தெப்பக்குளத்துக்குப் போனேன். சாயங்காலம் வெயில் தாழ, கல்சுவரில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். இரண்டாவது வரி தவறாமல் இருக்க ஒரு உபாயம் பண்ணினேன். மச்சினன் மகள் கல்யாணப் பத்திரிகை வீட்டில் கிடந்தது. அதிலிருந்து நீளமாக ஒரு பட்டை வெட்டி, படிக்கிற வரிக்கு அடியில் வைத்து, வரி முடிந்ததும் ஒரு இழுப்பு கீழே. கண்ணுக்கு வேறு எங்கும் போக வழியில்லை. இரண்டாம் வரி வந்தது. மூன்றாம் வரி வந்தது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. அந்தப் பட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் "தங்கள் வரவை" என்று பாதி நிற்கும்.

நான் படித்துக்கொண்டிருந்தபோது நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா நின்று, கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டுவிட்டு, என் பக்கத்தில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். ஏதோ பாராயணம் என்று நினைத்துவிட்டார். நான் படித்தது நரியும் ஆமையும் கதை. பழத்தைச் சாப்பிட்டுவிட்டு ஆமை என்ன ஆனது என்று பார்த்தேன்.

அந்தப் புத்தகம் முடிந்தது. முடிந்த அன்றைக்கு மச்சினன் வீட்டுக்கே கொண்டுபோனேன். அவன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"மச்சான், இது புஸ்தகமா? எங்க வீட்டு பஞ்சாங்கம் இதவிட தடி. யக்கா, நீயே சொல்லு, இதுக்கா நான் மொட்ட போடணும்?"

நடுவராக இருந்த வீட்டுக்காரி யோசித்தாள். "சின்னப் புள்ளைக படிக்கிறது. செல்லாது" என்று சொல்லிவிட்டாள். அவளுக்குத் தம்பியும் வேண்டும், புருஷனும் வேண்டும். ஆனால் தீர்ப்பு என்று வந்தால் அவள் ஆள் பார்க்க மாட்டாள்.

இங்கேதான் கீழ்வீட்டுத் தங்கச்சி வருகிறது. கூடப் பிறந்தது இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழகியதுதான். நாங்கள் முனிச்சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுச் சொந்தக்காரர்கள் கீழே இருக்கிற சௌராஷ்டிரக் குடும்பம். தங்கச்சியின் புருஷன் சுங்கடிச் சேலைக்குச் சாயம் போட்டவர், இப்போது உயிரோடு இல்லை. மகன்கள் தொழிலைப் பார்க்கிறார்கள். மொட்டை மாடியில் சேலை காய்கிற நாளில் நாங்கள் குனிந்துதான் போகணும். அவர்களுக்குள் அவர்கள் பாஷை பேசிக்கொள்வார்கள், எங்களிடம் எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ். தங்கச்சி ஒரு நாள் என் நிலைமையைக் கேட்டுவிட்டு, மகனைப் பரண் மேல் ஏறச் சொல்லி ஒரு புத்தகத்தை இறக்கியது. செங்கல் மாதிரி. சிவப்புத் துணி அட்டை. முதுகில் தங்க எழுத்து. நான் அது கதையின் பெயர் என்று நினைத்து உரக்க வாசித்தேன். தங்கச்சி சிரித்தது.

"அது எம் பேருண்ணே. கல்யாணத்துக்கு முந்தி என் இனிஷியலோட போட்டது."

அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் தொடர்கதை வரும். வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து, தன் பெயரைப் போட்டு வைத்துக்கொள்வார்கள். கல்யாணமாகிப் போகும்போது நகையோடு அதுவும் போகும். தங்கச்சி அப்படிக் கொண்டுவந்தது. மச்சினன் அதைத் தூக்கிப் பார்த்தான், முகம் கொஞ்சம் வெளிறியது. "இது செல்லும்" என்றான். அவனே சொன்னான்.

கதை ஒரு நர்ஸம்மாவைப் பற்றி. மலையடிவாரத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வருகிறாள். அந்த ஊரில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு மூத்த மகனுக்கும் இவளுக்கும் பிடித்துப்போகிறது. அவன் அம்மாவுக்கு இவளைக் கண்டாலே ஆகாது. தெப்பக்குளத்தில் மழை வந்ததும் நான் டீக்கடைக்கு மாறினேன். மத்தியானம் கடையில் ஆள் இருக்காது. கடைக்காரர் கேட்பார், இரண்டு ஆட்டோக்காரர்கள் கேட்பார்கள். பக்கத்தின் பின்புறத்தில் ஜோக்கு வரும், சமையல் குறிப்பு வரும். வத்தக்குழம்பில் பாதியை பைண்டிங் கத்தி தின்றிருந்தது, மீதியை வீட்டுக்காரி அவளாகவே வைத்தாள், நன்றாகத்தான் இருந்தது. நான் ஒன்றையும் விடாமல் படிப்பேன். ஆட்டோக்காரர்களில் ஒருவர் சவாரி வந்தால்கூட, "கொஞ்சம் பொறுங்கண்ணே, ஜீப்பு எங்க போகுதுன்னு பாத்துட்டு வாரேன்" என்பார்.

ஜீப் பள்ளத்தில் விழுந்தது. அதை ஓட்டிப்போன மூத்த மகன் செத்துப்போனான். கடைக்காரர் அன்றைக்கு எனக்கு டீக்குக் காசு வாங்கவில்லை, எனக்கே வீட்டில் சாவு விழுந்த மாதிரி.

மறுநாள் அடுத்த பக்கத்தை எடுத்தேன். செத்தவன் ஹோட்டலில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?" என்றார் கடைக்காரர்.

"இருங்கப்பா, படிக்கிறேன்." படித்தேன். தோசை தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான்.

"ஆவி" என்றார் ஒரு ஆட்டோக்காரர்.

"ஆவிக்கு எதுக்குய்யா சட்னி?" என்றார் இன்னொருத்தர்.

"அவன் சாகல. செத்ததா நம்ப வச்சிருக்கான். சொத்துக்காக."

நான் யோசித்து ஆவிதான் என்று முடிவு சொன்னேன். படிக்கிறவன் நான், என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. நாலைந்து நாள் கதை அந்த வழியிலேயே ஓடியது. செத்தவன் நர்ஸோடு சினிமாவுக்குப் போகிறான், கோயிலுக்குப் போகிறான். கோயிலுக்குள் ஆவி எப்படிப் போகும் என்று பெரிய சண்டையே வந்தது. இந்தச் சண்டை மச்சினன் காதுக்குப் போய், அவன் கடைக்கே வந்துவிட்டான்.

"மச்சான் படிக்கிற கதையில செத்தவன் தோச திங்கிறானாமே. யோவ், அவருக்கு இன்னும் ரெண்டாவது வரி தட்டுப்படலய்யா. மேலயும் கீழயும் தாவுறாரு!"

அன்றைக்கு நான் கலங்கிப்போனேன் என்றுதான் சொல்லணும். பட்டை வைத்துத்தானே படித்தேன்? வரி மாறவில்லையே? மீசையை விடுங்கள், எனக்குப் படிக்கவே வராதோ, இத்தனை நாள் நானாகக் கதை கட்டினேனோ என்று ஒரு பயம். நேராகக் கீழ்வீட்டுக்குப் போனேன். கேட்டதும் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"ஐயோ அண்ணே, உங்ககிட்ட சொல்ல மறந்தே போச்சு! பைண்டிங் கடைக்காரரு வாரத்த மாத்தி தச்சுப்புட்டாரு. தோச திங்கிறது மொதல்ல, சாகுறது பின்னால. நான் அப்பவே இருந்து தாவித் தாவித்தேன் படிப்பேன். எனக்குப் பழகிப்போச்சு."

ஒவ்வொரு வாரத்துக்கும் மேலே அத்தியாய எண் இருந்திருக்கிறது. நான் கதையை விட்டு எண்ணைப் பார்க்கவே இல்லை. தங்கச்சி பென்சிலால் எந்தப் பக்கத்துக்கு அப்புறம் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தது. கடையில் போய்ச் சொன்னேன். "அப்ப மொதல்ல இருந்து படிங்கண்ணே" என்றார்கள். ஒரு ஆள்கூட முகம் சுளிக்கவில்லை. செத்தவன் உயிரோடு இருக்கிறதை இன்னொரு தடவை பார்க்க எல்லோருக்கும் ஆசைதான்.

ஆனால் ஐப்பசியில் கண் மங்கிவிட்டது. எழுத்தெல்லாம் கூட்டுப்புழு மாதிரி. புரை என்றார்கள், ஆபரேஷன் பண்ணினார்கள். சில வாரம் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்த மச்சினன் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தான். அதோடு சும்மா இருந்தானா? "மச்சான், டாக்டரு சொன்னபடி நல்லா ஓய்வெடுங்க. சித்திர வரைக்கும் எடுங்க" என்றான். வீட்டுக்காரி கையில் இருந்த தோலை அவன் மேல் எறிந்தாள்.

பச்சைக் கண்ணாடியைக் கழற்றி முதல் முதலாகப் புத்தகத்தைத் திறந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். எழுத்து அம்புட்டு கருப்பு. காகிதம் அம்புட்டு வெள்ளை. இத்தனை வருஷமாக நான் பார்த்தது எழுத்தின் நிழல்தான் போல. அந்தத் தையிலும் மாசியிலும் நான் ஓடினேன். படித்தேன் என்று சொல்ல மாட்டேன், ஓடினேன். பட்டை இழுக்க இழுக்க வரி தானாக வந்து விழுந்தது. பங்குனி வெயிலில் நர்ஸம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். ஊரை விட்டே போகப்போகிறாள். பஸ் கிளம்புகிறது. படியில் கால் வைக்கிறாள். பின்னாலிருந்து யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பினாள்.

அதன் கீழே, அடுத்த வாரம் முடியும் என்று போட்டிருந்தது. அடுத்த பக்கம் சிவப்புத் துணி அட்டை.

தங்கச்சியிடம் ஓடினேன். "கடைசி வாரம் கெடைக்கவே இல்லண்ணே. யாரோ எரவல் வாங்கிட்டுப் போனவுக திருப்பித் தரல. ஆனா நான் படிச்சிருக்கேன். செத்தவன் தம்பிகாரன் கூப்புடுவான், கல்யாணம் முடியும்."

மறுநாள் கேட்டேன். "தபால்காரரு கூப்புடுவாருண்ணே, ஒரு லெட்டரு வரும்" என்றது. அதுவே யோசித்துவிட்டு, "எனக்கும் மறந்துதேன் போச்சு போல" என்று ஒரு மாதிரியாகச் சொன்னது.

மச்சினன் வந்தான். சந்தோஷத்தில் நடையே மாறியிருந்தது. "அட்டையில இருந்து அட்டன்னு சொன்னோம். கடைசி வாரம் இல்லாட்டி அது முடிஞ்ச புஸ்தகம் இல்ல. யாராச்சும் சொல்லக் கேட்டா அதுவும் செல்லாது."

வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல், "அவன் சொல்றது சரிதேன்" என்றாள்.

நான் பழைய புத்தகக் கடை எல்லாம் ஏறி இறங்கினேன். பழைய பேப்பர்க் கடைகளில் கட்டுகளைப் பிரிக்கச் சொன்னேன். டீக்கடையில் ஆட்டோக்காரர்கள் தங்கள் சவாரிகளிடமெல்லாம் கேட்டார்கள், வயசான அம்மாக்கள் ஏறினால் முதல் கேள்வி அதுதான். ஒன்றும் நடக்கவில்லை. சவரக்கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

தங்கச்சிதான் வழி கண்டுபிடித்தது. அவர்கள் ஜனம் பரமக்குடி, சேலம் என்று பல ஊரில் இருக்கிறது. எல்லா வீட்டிலும் அந்த வயசுப் பெண்கள் அதே கதையைத்தான் கிழித்துச் சேர்த்திருப்பார்கள் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. போன் போட்டுப் போன் போட்டுக் கேட்டது. அவர்கள் பாஷையில் பேசும், நடுவில் "நர்ஸம்மா" மட்டும் எனக்குப் புரியும். கடைசியில் பரமக்குடியில் இருக்கிற அதன் நாத்தனாரிடம் இருந்தது. அவர் புத்தகத்தில் முதல் சில வாரம் இல்லை, கடைசி வாரம் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். மச்சினன், "போன்ல படிக்கிறது புஸ்தகத்துல சேருமா?" என்று ஆரம்பித்தான். எனக்கும் அதில் எழுத்து எறும்பு மாதிரித் தெரிந்தது. நாத்தனார் அம்மா, "தபால்ல அனுப்ப மாட்டேன். ஏற்கெனவே எரவல் குடுத்து போனது போதும். திருவிழாவுக்கு வாரேன்ல, நானே தூக்கியாரேன்" என்று சொல்லிவிட்டார்.

எதிர்சேவைக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தார். மஞ்சள் பைக்குள் சேலையில் சுற்றிப் பச்சை அட்டைப் புத்தகம். முதுகில் அவர் பெயர். கீழ்வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். வீட்டுக்காரி, தங்கச்சி, நாத்தனார் அம்மா, டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர்கள். மச்சினன் கதவு ஓரமாக நின்றான், பாதி உள்ளே, பாதி வெளியே.

பட்டையை வைத்தேன். படித்தேன். அவள் திரும்பினாள் என்பதில் தொடங்கி, பஸ் ஸ்டாண்டில் தூசி, கூட்டம், யார் கூப்பிட்டது என்று அவள் தேடுவது எல்லாம் வருகிறது. கூப்பிட்ட குரல் மறுபடி வருகிறது, பக்கத்தில் வருகிறது. அந்த இடத்தில் பக்கம் முடிந்தது. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பட்டையை வைத்துப் புத்தகத்தை மூடித் தண்ணீர் கேட்டேன். சொம்பு வந்தது. மெதுவாகக் குடித்தேன். கொஞ்சம் அதிகமாகவே மெதுவாக.

"யாரு மச்சான்? யாரு கூப்டா?"

மச்சினன்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, என் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இரு மாப்ள, தண்ணி குடிக்கிறேன்."

"தண்ணி அப்புறம் குடிங்க, படிங்க மச்சான்!"

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "யோவ், அவரு அந்தப் பக்கத்த திருப்புனா உன் தல போச்சுய்யா!"

"போனா போகுது, முடிதான, மொளைக்கும். படிங்க மச்சான்!"

திருப்பினேன். கூப்பிட்டது அந்தப் பெரிய வீட்டு அம்மா. செத்தவனின் தாய். கதை முழுக்க நர்ஸை வீட்டு வாசல் மிதிக்க விடாதவள். செருப்பில்லாமல் ஓடி வந்திருக்கிறாள், கையில் ஒரு சின்னத் துணிப்பை. போகாதே என்று சொல்ல வந்தாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் போகாதே என்று சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றாள். இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். ஒரே சீட்டு. எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்கிறார். நர்ஸம்மா ஊர்ப் பெயரைச் சொல்லி, இரண்டு என்கிறாள். முற்றும்.

முற்றும் என்பதையும் உரக்கப் படித்தேன். அதை நான் அதுவரை எந்தப் பலகையிலும் எந்த மூட்டையிலும் படித்ததில்லை.

தங்கச்சியும் நாத்தனாரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்திருந்தார்கள். மச்சினன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, கடைசித் தடவையாக அழகாக ஒரு வகிடு எடுத்தான்.

திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு, கூட்டம் குறைந்த ஒரு காலையில் நாங்கள் அழகர்கோவில் போனோம். நான் பஸ் போர்டை வாசித்துத்தான் ஏறினேன். முடி இறக்குகிறவர் மச்சினன் தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். கருப்பெல்லாம் மேலேதான் இருந்தது, அடியெல்லாம் வெள்ளை. தலை பின்பக்கம் கொஞ்சம் தட்டையாக இருந்தது, சின்ன வயசில் தொட்டிலில் போட்ட போட்டில் வந்தது என்று அவன் அக்கா சொன்னாள். சந்தனம் பூசியதும் பார்க்க நன்றாகவே இருந்தான். "குளுகுளுன்னு இருக்கு மச்சான்" என்றான். அடுத்து எந்தக் கதை என்று அதோடு சேர்த்தே கேட்டான்.

முடி இறக்குகிறவர் கத்தியைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார்.

"பெரியவருக்கும் எடுக்கணுமா?"

வீட்டுக்காரி எனக்கு முந்திக்கொண்டு சொன்னாள். "அதத் தொடாதீக. அது படிச்ச மீச."